துறையில் நின்ற நெல்

1997 மாசியில் எங்கள் நெல் மட்டக்களப்பு வாவியின் மண்முனைத் தோணித்துறையில் 3 நாள் கிடந்தது. 22 மூடை. எனக்கு அப்போது 16 வயது. மூடைகளுக்குக் காவலாக என்னை விட்டுவிட்டு அப்பா அதை அக்கரைக்குக் கொண்டுபோக அனுமதிப் பாஸுக்காக அலைந்துகொண்டிருந்தார். முதல் நாள் பின்னேரம் “நாளைக்கு வாங்க” என்றார்கள். அன்றிரவே மழை, அதுவும் வெட்டுக்காலத்தில் பெய்யக்கூடாத மழை. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படங்கு; அது மேலடுக்கை மட்டும் மூடியது. அடியில் கிடந்த மூடைகள் ஈரம் குடித்தன. மூன்றாம் நாள் ஒரு மூடையின் வாயை அவிழ்த்து முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே நெல் சூடேறிக் கிடந்தது, காய்ச்சல் பிள்ளையின் நெஞ்சைத் தொட்டதுபோல. ஒரு பிடி அள்ளி மணந்தால் புளித்த வாடை. சில மணிகள் முளை காட்டத் தொடங்கியிருந்தன.

மட்டக்களப்பை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் மண்ணை வாவி இரண்டாகப் பிரிக்கிறது. சூரியன் எழும் கடற்பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. பட்டினம், ஆஸ்பத்திரி, ஆலை, பெரிய கடைகள் எல்லாம் எழுவான்கரையில். வயல் படுவான்கரையில். யுத்த காலத்தில் அக்கரை இராணுவத்தின் கையில், இக்கரை புலிகளின் கையில். எங்கள் பக்கத்து நெல் போவதென்றால் பாஸ் வேண்டும். போகும் வழியில் இரண்டு தரப்புக்கும் பதில் சொல்ல வேண்டும். அக்கரையிலிருந்து யூரியா வரவே வராது. வெடிமருந்து செய்துவிடுவார்கள் என்று தடை. மண்ணெண்ணெயும் பற்றறியும் எண்ணி அளந்துதான்.

துறையில் நின்றால் அக்கரையில் சாத்தியிருக்கும் சைக்கிளின் நிறம் தெரியும். அவ்வளவுதான் தூரம். அந்த 3 நாளும் அந்தப் பக்கம் அரிசி விலை ஏறிக்கொண்டிருந்ததாகத் தோணிக்காரர் சொன்னார். இந்தப் பக்கம் எங்கள் நெல் அவிந்துகொண்டிருந்தது. 4 ஆம் நாள், கேட்ட விலைக்குப் பாதிகூட வராமல் அதைத் தள்ளிவிட்டு, ஒரு கிலோ சீனியோடு அப்பா வீட்டுக்கு வந்தார். அந்த வருசம் ஆவணி, புரட்டாதியில் எங்கள் வீட்டு இராச் சாப்பாடு மரவள்ளிக் கிழங்கு. அந்தப் போகம் நல்ல விளைச்சல் என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா இன்றைக்கும் “அந்த வருசத்து வேளாண்மை மாதிரி நான் பாத்ததில்ல” என்பார்.

அதைப் பஞ்சம் என்று சொல்ல மாட்டேன். பஞ்சத்தில் சனம் சாகும். இன்றைய உலகம் அந்தச் சொல்லுக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது: ஐந்தில் ஒரு வீட்டிலாவது சாப்பாடு அடியோடு இல்லாமற் போயிருக்க வேண்டும், சிறுபிள்ளைகளில் 30 வீதம் பேர் கடுமையாக மெலிந்திருக்க வேண்டும், 10,000 பேருக்கு 2 பேர் என்ற கணக்கில் நாளாந்தம் சாவு விழ வேண்டும். 2024 ஆகஸ்டில் சூடானின் ஸம்ஸம் முகாமில் அந்த அளவு எட்டப்பட்டது என்று அறிவித்தார்கள். நாங்கள் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் பஞ்சம் எந்த வழியால் ஊருக்குள் வரும் என்பதை அந்தத் துறையில் நான் கண்டேன். பிறகு படித்ததெல்லாம் அந்த 22 மூடைக்கு அருகில் கொண்டுபோய் வைத்துத்தான் எனக்கு விளங்கியது.

இப்போது நான் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். பஞ்சம் ஏன் வருகிறது என்று கேட்டால் பிள்ளைகள் மழை பொய்த்ததால், வெள்ளத்தால், பூச்சியால் என்று எழுதுவார்கள். பிழை போட மனம் வருவதில்லை. பாதிப் பேர் மானாவாரி வயல்காரரின் பிள்ளைகள். வானம் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த விடையோடு அவர்கள் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வருசா வருசம் வங்காளத்தின் கதையைச் சொல்கிறேன்.

1942 இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. பர்மா அரிசி நின்றது. ஜப்பான் படை அடுத்ததாக வங்காளக் கரையில் இறங்கும் என்று பயந்த பிரித்தானிய நிர்வாகம், எதிரியின் கையில் எதுவும் அகப்படக் கூடாதென்று இரண்டு காரியம் செய்தது. கரையோர மாவட்டங்களில் மிச்சம் என்று தான் கருதிய நெல்லையும் அரிசியையும் வாங்கி அப்புறப்படுத்தியது. 10 பேருக்கு மேல் ஏறக்கூடிய படகுகளைப் பறித்தது. பல்லாயிரம் படகுகள். அந்தப் பக்கம் முழுக்க ஆறும் கழிமுகமும். படகு போனால் மீன்பிடிகாரன் தொழிலுக்குப் போக முடியாது, ஆற்றுத் திட்டில் வயல் வைத்திருப்பவன் விதைக்கப் போக முடியாது, குயவன் சட்டிபானையைச் சந்தைக்குக் கொண்டுபோக முடியாது. இதை முதன்முதலில் வாசித்த இரவு எனக்கு நித்திரை இல்லை. படகைப் பறித்தால் பசி வரும் என்பதை வாவிக்கரைக்காரனுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த 1942 ஐப்பசியில் மிதுனாப்பூரில் புயல் அடித்து வயல்களை அழித்தது உண்மை. நெற்பயிரில் நோய் விழுந்ததும் உண்மை. ஆனால் பொருளியலாளர் அமர்த்தியா சென் பிற்காலத்தில் கணக்கைக் கூட்டிப் பார்த்தபோது, 1943 இல் வங்காளத்தில் இருந்த அரிசி முந்தைய 5 ஆண்டுச் சராசரியைவிட ஏறத்தாழ 5 வீதம்தான் குறைவாக இருந்தது. பஞ்சம் வராத 1941 ஆம் ஆண்டைவிட 13 வீதம் கூடவே இருந்தது. அப்படியிருந்தும் 30 இலட்சம் வரை சனம் செத்தது.

எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். யுத்தச் செலவுக்காக அரசாங்கம் காசை அச்சடித்துக் கொட்டியது. கல்கத்தாவில் யுத்தத்துக்குத் தேவையான தொழிற்சாலைகளின் ஆட்களுக்கு மலிவு விலையில் அரிசி ஒதுக்கப்பட்டது. வியாபாரிகள் விலை ஏறுமென்று பதுக்கினார்கள். பக்கத்து மாகாணங்கள் தங்கள் தானியம் வெளியே போகாமல் எல்லையை அடைத்தன. 1942 மார்கழியில் கல்கத்தாவில் ஒரு மணங்கு (ஏறத்தாழ 37 கிலோ) அரிசி 14 ரூபாய்க்குள் இருந்தது. 1943 வைகாசியில் 30 ரூபாயைத் தாண்டியது. வயல் கூலிக்காரனின் கூலி அப்படி ஏறவில்லை. அவன் ஒரு நாள் முழுக்க உழைத்தாலும் அந்தக் காசுக்குப் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்க முடியாது என்ற நிலை வந்தது. சந்தையில் அரிசி இருந்தது. அதை அவன் கைக்குக் கொண்டுவரும் வழிதான் அடைபட்டது. சென் இதைத்தான் உரித்து என்கிறார். உழைப்பை, மீனை, சட்டியை, முடி வெட்டும் தொழிலைக் கொடுத்துச் சோற்றை வாங்கும் அந்த மாற்று உடைந்தால், வயல் பச்சையாக இருக்கும்போதே மனிதர் சாவார்கள்.

இதில் என் மனதை விட்டுப் போகாத ஒரு விசயம் உண்டு. வங்காளத்தில் விளைச்சலில் பங்கு வாங்கிய குத்தகைக்காரர் ஓரளவு தப்பினார்கள். காசுக் கூலி வாங்கியவர்கள்தான் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். என் சின்ன வயதில் எங்கள் வட்டையில் வெட்டுக்கூலி நெல்லாகத்தான் போகும். களவெட்டியில் சூடு மிதித்து, கதிரிலிருந்து நெல்லைப் பிரித்து முடிய, வெட்டுக்காரருக்கு மரைக்காலால் அளந்து போடுவார் அப்பா. அதற்குப் பிறகு ஊரின் ஏழைப் பெண்கள் ஓலைப்பெட்டியோடு வந்து உதிர்ந்த கதிர் பொறுக்குவார்கள். அதைத் தடுப்பது பாவம் என்று ஊரில் ஒரு எண்ணம் இருந்தது. இப்போது வெட்டு மெசின் வந்து ஓர் ஏக்கரை ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது. வெட்டுக்காரர் கொழும்புக்கு மேசன் வேலைக்குப் போய்விட்டார்கள், காசுக் கூலிக்கு. மெசினை வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அப்பாவின் முதுகு எனக்குத் தெரியும். ஆனால் விலை ஏறும் வருசத்தில் நெல்லாக வாங்கிய கூலி ஒரு குடும்பத்தை எப்படிக் காக்கும் என்பதை மறந்துவிட்டோம்.

வங்காளத்தில் அரசாங்கம் கடைசி வரை பஞ்சம் என்று சட்டப்படி அறிவிக்கவில்லை. அறிவித்தால் பஞ்சச் சட்டக் கோவையின்படி வேலையும் நிவாரணமும் கொடுத்தே ஆக வேண்டும். 1943 ஆகஸ்டில் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை தெருவில் கிடந்த உடல்களின் படங்களை வெளியிட்ட பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. சென் அப்போது சாந்திநிகேதனில் 9 வயதுப் பிள்ளை. வாசலுக்கு வரும் பசித்தவர்களுக்கு ஆளுக்கொரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கப் பாட்டனார் அவரை அனுமதித்திருந்தார். எங்கள் அம்மாவும் பேணியால்தான் அரிசி அளப்பார். ரின்பால் பேணி ஒன்று, விளிம்பு தேய்ந்தது. யாரும் அரிசி கேட்டு வந்தால் அந்தப் பேணியைத் தலைதட்டாமல் கோபுரமாக அள்ளிப் போடுவார்.

பர்மா அரிசியைத் தின்ற இன்னொரு நாடு இலங்கை. நல்ல காணியெல்லாம் தேயிலைக்கும் இறப்பருக்கும் தென்னைக்கும் போன நாடு. சோற்றில் பாதிக்கு மேல் கப்பலில் வந்தது. 1942 இல் அந்தக் கப்பல் நின்றபோது இங்கேயும் அதே கதி வந்திருக்கலாம். வரவில்லை. கூப்பன் வந்தது. ஆளுக்கு இவ்வளவென்று அரிசி பங்கிடப்பட்டது. போதவில்லை, சனம் கஷ்டப்பட்டது, ஆனால் வங்காளம் போல் தெருவில் சாகவில்லை. ஏன் என்பதற்கு என் எண்ணம் இது: யுத்தத்துக்கு இறப்பரும் திருகோணமலைத் துறைமுகமும் பிரித்தானியருக்குக் கட்டாயம் தேவைப்பட்டன. அதோடு 1931 முதல் இங்கே எல்லோருக்கும் வாக்கு இருந்தது. அரசாங்க சபையில் இருந்தவர்கள் ஊருக்குத் திரும்பி வந்து முகம் காட்ட வேண்டியிருந்தது.

வாக்கு என்ன செய்யும் என்பதற்கு 1953 சாட்சி. ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 இல் ஹர்த்தால். நாடு ஒரு நாளில் முடங்கியது. சில மாதத்துக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

சென் சொன்ன இன்னொன்று உலகம் முழுக்கப் பேசப்படுவது. தேர்தலும் சுதந்திரப் பத்திரிகையும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வந்ததில்லை என்பது அது. இதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அம்மாயியின் ஞாபகம் வந்துவிடும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, வந்து படுவான்கரையில் குடியேறிய குடும்பம் அவருடையது. அவருடைய முன்னோர் இலங்கைக்கு வந்தது தாது வருசப் பஞ்சத்தில். 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் அது. அந்த வருசங்களில் இந்தியாவிலிருந்து கோதுமை கப்பல் கப்பலாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சம் பிடித்த ஊருக்குத் தானியம் கொண்டுவரும் என்று போட்ட ரயில், விலை கூடிய ஊருக்குத் தானியத்தைக் கொண்டுபோனது. நிவாரண வேலையில் கல் உடைத்த ஆணுக்கு நாளுக்கு 450 கிராம் தானியமும் ஓர் அணாவும். சந்தையில் கை வைக்கக் கூடாது என்பது அந்த ஆட்சியின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குத் தப்பிக் கடல் தாண்டிக் கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேத்தி இந்த அம்மாயி.

“எழுபத்தி நாலுல எங்க லயத்துல நாலு புள்ளைங்க போயிருச்சு தம்பி. அதுல ஒண்ணு என்னோடது.” இதை அவர் சொன்னபோது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “வேலை வாரத்துக்கு ரெண்டு நாளு, மூணு நாளுதான். மாவுக்கு விடியக்காலை வரிசை. மரவள்ளி இலைய அவிச்சுத் தின்னோம். புள்ளைக்கு அது ஒத்துக்கல.”

1973, 74 இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலையும் தானிய விலையும் ஒன்றாக ஏறின. தேயிலை விற்ற காசுக்கு முன்போல் அரிசி வாங்க முடியவில்லை. அரசாங்கம் பங்கீட்டைக் குறைத்தது. நெல்லை அரசே வாங்கவேண்டும் என்பதற்காக ஒரு மாவட்டத்து அரிசி இன்னொரு மாவட்டத்துக்குப் போகாமல் பாதையில் தடை போட்டது. பஸ்ஸை மறித்துப் பயணிகளின் பையைச் சோதித்து, கொஞ்சம் கூடுதலாக அரிசி இருந்தால் பறித்தார்கள். எங்கள் அம்மப்பாவின் வீட்டில் அந்த வருசம் நெல் இருந்தது. மலையகத்து ஹற்றனில் பிள்ளைகள் செத்தார்கள். அம்மாயி இந்த ஊருக்கு வந்த பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கிடைத்தது.

கிராமத்துச் சிங்களவருக்கோ தமிழருக்கோ முஸ்லிம்களுக்கோ அன்று வயல் இல்லாவிட்டாலும் வளவு இருந்தது, நட்டு வளர்க்கலாம். லயத்துக்காரருக்கு அதுவும் இல்லை. 1948 இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அடுத்துவந்த சட்டம் வாக்கையும் எடுத்தது. 1953 இல் ஒரு பிரதமரை இறக்கிய ஆயுதம் 1974 இல் அவர்கள் கையில் இல்லை. அந்த ஆண்டு தோட்டங்களின் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட எவ்வளவோ மேலே போனது. தேர்தல் நடந்த நாடுதான், பத்திரிகை வந்த நாடுதான். ஆகவே சென் சொன்னதோடு இதையும் சேர்த்துச் சொல்வேன்: தேர்தல் இருந்தால் மட்டும் போதாது, பசிக்கிறவனின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்க வேண்டும்.

அம்மாயி 2016 இல் காலமானார். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து மண்பானையில் திரும்பப் போடுவார். மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிய காலத்திலும் அது நிற்கவில்லை.

அதே 1974 இல் வங்காளதேசத்திலும் பஞ்சம். பிரம்மபுத்திரா பெருகியது. ஆனால் அந்த ஆண்டு நாட்டில் தலைக்கு இருந்த தானியம், முன்னும் பின்னுமான ஆண்டுகளைவிடக் கூடுதலாகவே இருந்தது. வெள்ளத்தால் நடவு வேலை இல்லாமற்போன கூலிக்காரர் வாங்க வழியில்லாமல் செத்தார்கள். கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றார்கள் என்ற காரணத்துக்காக அமெரிக்கா தன் உணவுக் கப்பலை அந்த நேரத்தில் நிறுத்தி வைத்தது. புதிதாய்ப் பிறந்த ஏழை நாடு, விற்க அதனிடம் இருந்தது சணல் ஒன்றுதான். அதற்கு முந்திய ஆண்டு எத்தியோப்பியாவின் வொல்லோவில் விளைச்சல் போனது. நாட்டின் மொத்த விளைச்சலில் பெரிய வீழ்ச்சி இல்லை. பாதை இருந்தது, லொறி ஓடியது. வொல்லோக்காரரிடம் வாங்கக் காசு இல்லாததால் அங்கிருந்த தானியமும் அடிஸ் அபாபாவுக்கு ஏறிப் போனது. சக்கரவர்த்தியின் அரசாங்கம் அதை மூடி மறைத்தது.

இன்னும் கிட்டடிக்கு வந்தால், ஏழை நாடுகளின் வயலை ஆட்டுவிக்கும் கை பல வேளை அந்த நாட்டுக்குள்ளேயே இருப்பதில்லை. மலாவி நாட்டில் அவசரத்துக்கென்று 1 இலட்சத்து 67 ஆயிரம் தொன் சோளம் சேமிப்பில் இருந்தது. கடன் வாங்கி நிரப்பிய களஞ்சியம். அதைப் பேணச் செலவாகிறது, ஒரு பகுதியை விற்றுக் கடனைக் கட்டுங்கள் என்று சர்வதேச நாணய நிதியம் ஆலோசனை சொன்னது. அங்குள்ள அதிகாரிகள் பகுதியோடு நிற்காமல் கிட்டத்தட்ட முழுவதையும் விற்றார்கள். 2001 இல் வெள்ளம். 2002 இல் களஞ்சியத்தைத் திறந்தால் ஒன்றுமில்லை. ஹெய்ட்டியில் 1995 இல் அரிசி இறக்குமதி வரியை 3 வீதத்துக்கு இறக்கச் செய்தார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் மானியத்தில் விளைந்த அரிசி மலிவாக வந்து இறங்கியது. ஹெய்ட்டியின் நெல் விவசாயி வயலை விட்டுவிட்டுப் பட்டினச் சேரிக்குப் போனான். 2008 இல் உலக அரிசி விலை மடங்காக ஏறியபோது திரும்பி வர அவனுக்கு வயல் இல்லை. பட்டினி கலவரமாகி அந்நாட்டுப் பிரதமரின் பதவி போனது. அந்த வரியைக் குறைக்க வைத்தது தவறு என்று முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டன் 2010 இல் வருந்தினார். சோமாலியாவில் 2011 இல் வரட்சியோடு யுத்தமும் சேர்ந்தது. ஆயுதக் குழு நிவாரண அமைப்புகளை உள்ளே விடவில்லை. வெளிநாடுகளோ, உதவி அந்தக் குழுவின் கைக்குப் போய்விடும் என்று சட்டத்தைக் காட்டித் தங்கள் பங்கைச் சுருக்கின. 2 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள், பாதிப் பேர் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். இரண்டு பக்கமும் மறித்த ஒரு துறையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே என்ன நடந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

2021 க்கு வருகிறேன். அந்த ஆண்டு சித்திரை முடிவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “அப்ப துறையில மறிச்சாங்க. இப்ப துறைமுகத்திலயே மறிச்சிட்டாங்க மனே.”

சேதனப் பசளைக்கு நான் எதிரியில்லை. மாட்டெருவும் இலைதழையும் போட்டுத்தான் எங்கள் மூத்தோர் விதைத்தார்கள். ஆனால் இன்று நாங்கள் விதைக்கும் குறுங்கால நெல்லினங்கள் யூரியாவை நம்பிப் பிறந்தவை. மண்ணை அதிலிருந்து பிரித்தெடுக்க வருசக்கணக்கு வேண்டும். ஒரு வர்த்தமானி அறிவித்தல் போதாது. ஆரோக்கியம், நஞ்சற்ற உணவு என்று பெயர் சொன்னார்கள். அடியில் இருந்தது டொலர்ப் பஞ்சம். வெளிநாட்டுக் கடன், 2019 கடைசியில் வெட்டிய வரிகள், நோய்த்தொற்றில் விழுந்த சுற்றுலா என்று கஜானா காலியாகிக்கொண்டிருந்தது. பசளைக்குப் போகும் டொலரை மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். கார்த்திகையில் தடையை எடுத்தபோது வயல் விதைத்தாயிற்று, நேரம் கடந்துவிட்டது.

அம்மாவிடம் ஒரு கணக்குக் கொப்பி இருக்கிறது. 80 பக்கக் கொப்பி, அட்டையில் எண்ணெய்க் கறை. போகத்துக்கு ஒரு பக்கம். 2020/21 பெரும்போகப் பக்கத்தில் ஏக்கருக்கு 26 மூடை. அடுத்த பக்கத்தில் 9. அதற்குக் கீழே உழவு, விதைநெல், களைகொல்லி, மெசின் கூலி என்று வரிசை. யூரியா என்று எழுதிய இடத்தில் ‘அரை அந்தர்’ என்று எழுதி வெட்டி, ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு மூடை யூரியா, கிடைத்தால், கள்ளச்சந்தையில் 30,000 ரூபாயைத் தாண்டியது. முன்பு மானியத்தில் கிடைத்தது. எங்களுக்குத் தந்த சேதனப் பசளை மூடையைக் கொட்டிப் பார்த்தால் பொலித்தீன் துண்டும் கல்லும் இருந்தன. முறையிடப் போன அலுவலகத்தில் ஒரு படிவத்தைத் தந்து நிரப்பச் சொன்னார்கள். நிரப்பிக் கொடுத்தார் அப்பா. தை மாதம் பயிர் மஞ்சளாகிக் கதிர் பாதியாக நின்றது. அப்பா வரம்பில் குந்தியிருந்து ஒரு கதிரின் மணிகளை நகத்தால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். பால் கட்டியவை எத்தனை, சப்பி எத்தனை என்று எண்ணுகிறார் என்று விளங்கியது. எண்ணிக்கையை எனக்குச் சொல்லவில்லை.

அந்தப் பெரும்போகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசாங்கம் அறிவித்தது. செப்டெம்பரில் கொழும்பில் உணவு விலை முந்தைய ஆண்டைவிட 94.9 வீதம் மேலே நின்றது. அந்த ஆண்டு 63 இலட்சம் பேருக்கு உணவு நிச்சயமில்லை என்று ஐ.நா.வின் உணவு அமைப்புகள் மதிப்பிட்டன. மண்ணெண்ணெய் இல்லாமல் மீன்பிடி வள்ளங்கள் கரையில் கிடந்தன. என் வகுப்பில் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளையை வாங்கில் படுக்க வைத்து, காலமை என்ன சாப்பிட்டாய் மகள் என்று கேட்டேன். “பிளேன்ரீ சேர்” என்றாள். தகப்பன் 4 ஏக்கர் வயல்காரர்.

பெரும் பஞ்சம் வரவில்லை. இந்தியக் கடன் வந்தது, வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசு வந்தது. சனம் தெருவில் இறங்கியது. ஜூலையில் ஜனாதிபதி நாட்டைவிட்டுப் போனார். சத்தம் போட முடிந்ததால் காப்பாற்றப்பட்டோம் என்று நான் நம்புகிறேன். ஊருக்குள் வேறொன்றும் நடந்தது. காத்தான்குடியில் எங்களுக்குப் பழக்கமான ஒரு கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) 6 மாதம் முழுக்க அப்பாவின் பெயரைக் கொப்பியில் எழுதி அரிசி தந்தார். “காசி எப்பயும் வரும் சேர், முதல்ல புள்ளையள்ற வயித்தப் பாருங்க” என்றார். நெல்லு விளைவிக்கும் அப்பா அரிசிக் கடனுக்கு நின்றார். கூச்சத்தில் அவர் கடைக்குள் போகமாட்டார்; என்னைத்தான் அனுப்புவார்.

யுத்தம் முடிந்து, பசளை திரும்பி வந்த பிறகும் கமக்காரன் தலையில் விடியும் ஒன்று மாறவில்லை. மாசி, பங்குனியில் எல்லோருடைய நெல்லும் ஒரே நேரத்தில் வருகிறது. மெசின் வெட்டிய நெல் ஈரமாக இருக்கும். அரச நெல் சந்தைப்படுத்தல் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரம் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். காய வைக்கத் தளம் இல்லாததால் ஆட்கள் தார் றோட்டில் பரப்புகிறார்கள், லொறி ஏறிப் போகிறது. அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறுகிறது, மெசின்காரன் காசு கேட்டு நிற்கிறான். வயல் வாசலுக்கே வந்து காசை எண்ணிக் கொடுக்கும் தரகருக்கு, அவர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுகிறோம். 6 மாதத்தில் அதே நெல் அரிசியாகித் திரும்பி வரும்போது விலை வேறு. இடையில் உள்ள அந்த 6 மாதத்தைத் தாங்கிக்கொள்ள எவனிடம் களஞ்சியமும் கடன் வசதியும் இருக்கிறதோ அவனுக்குத்தான் லாபம். படுவான்கரையில் இத்தனை ஆயிரம் ஏக்கர் இருந்தும், கமக்காரருக்குச் சொந்தமாக நெல்லை உலர்த்தி வைக்கும் கூடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான். இதைச் செய்வது பெரிய வித்தையல்ல. கூட்டுறவுக் களஞ்சியம், உலர்த்தி, நெல்லை ஈடாக வைத்துக் குறைந்த வட்டிக்குக் கடன். தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

2014 இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள், ஜப்பான் உதவியில் கட்டியது. இப்போது 2 நிமிசத்தில் அக்கரை. போன மாசியில் எங்கள் நெல் லொறியில் ஏறியபோது அப்பாவுக்கு 79 வயது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே மூடைகளை எண்ணினார். 68 மூடை. அதில் 14 ஐ ஏற்ற விடவில்லை. விலை நல்லாயிருக்கு, கொடுத்திடுங்க அப்பா, எலி தின்னப் போகுது என்றேன். எனக்கும் கடன் இருந்தது.

“துறையை மறுகா பூட்டினா?” என்றார்.

இப்ப துறையே இல்ல அப்பா, பாலம் இருக்கு என்றேன். அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய், முன்னறையின் மூலையில் பலகை போட்டு, 14 மூடையையும் சுவரில் படாமல் ஒரு சாண் தள்ளி அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். இன்றைக்கு 9 மூடை மிச்சம் இருக்கிறது.